நீலக் கட்சியின் இடது காது

மே 18, ஞாயிறு

பவுலினா இன்று எட்டு மீட்டர் ஆழத்தில் ஆக்டோபஸ் ஒன்றைப் பார்த்தாளாம். நான் மூன்று மீட்டரில் வலிக்கிற என் இடது காதோடு இருந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனைவிமார் பின்னல் வேலையில் இறங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் மனைவி கடலில் இறங்கினாள். தனியாக முக்குளிக்கக் கூடாது, ஜோடி வேண்டும். அவளுக்கு ஜோடி நேனு. ஊரில் முக்குளிப்பு கற்றுத்தர உரிமம் உள்ளவன் அவன் ஒருவன்தான். சிவப்பு மன்றத்தின் பெரிய மேளக்காரனும் அவன்தான். நான் நீல மன்றத்தின் முதல் டிரம்பெட். ஒரே தெருவில், திருவிழாவுக்கு வாசிக்கிற இரண்டு பேண்டு மன்றங்கள், ஆளுக்கொரு புனிதர். இரு தரப்பும் கடைசியாக எப்போது வணக்கம் சொல்லிக்கொண்டன என்பதற்கு, சரித்திர ஆசிரியனாக இருந்த எனக்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே அந்த ஜோடி நானாக வேண்டும். அதற்கு நேனுவிடமே கற்க வேண்டும்.

ஆழம் கூடக்கூட முதலில் மறைகிற நிறம் சிவப்பு என்று படித்தேன். மன்றத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

மே 25

மூன்று மீட்டர். காது சம்மதிக்கவில்லை.

ஜூன் 8

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், காதுக்குள் காற்று போய் அழுத்தம் சமமாகும், வலி நீங்கும். இதுதான் பாடம். வாழ்நாள் முழுக்க ஊதியவனுக்கு இது ஒரு வேலையா? ஊதினேன். மேலே வந்ததும் நேனு முகக்கண்ணாடியைக் கழற்றினான்.

"வாத்தியாரே, காதுக்கு ஊதச் சொன்னா ஊர்வலத்துக்கு ஊதுறீங்க."

"காத்து உள்ள போகலையே. அதனாலதான் பலமா ஊதினேன்."

"வலிக்கிறதுக்கு முன்னாடியே ஊதணும். மெதுவா. வலிச்சா கொஞ்சம் மேல ஏறணும். உங்க பேண்டுலதான் மெதுவா வாசிக்கிற பழக்கமே கிடையாதே."

மேளக்காரன் சொல்கிறான் இதை.

ஜூன் 15, ஞாயிறு

மெதுவாக ஊதவில்லை. திருவிழா அணிவகுப்பின் கடைசி சுரத்துக்கு ஊதுவதைப் போல ஊதினேன். காதுக்குள் ஏதோ கீச்சிட்டது. தலை சுற்றியது. நேனு என் கையைப் பிடித்து நிதானமாக மேலே கொண்டுவந்தான்.

டாக்டர் ஸ்பிடேரி காதுக்குள் எட்டிப் பார்த்தார். செவிப்பறை கிழியவில்லை, உள்ளே நீர் கோத்திருக்கிறது. "ஒரு மாசம் கடல் கூடாது. டிரம்பெட்டும் கூடாது."

திருவிழா இந்த மாதக் கடைசியில்.

பவுலினா வண்டி ஓட்டியபடி சொன்னாள்: "என்கூட வரணும்னு உன்னை யாரு கட்டாயப்படுத்தினா, மனுஷா?"

யாருமில்லை. அதுதானே விஷயம்.

ஜூன் 17

மன்றத் தலைவர் சாவியு வீட்டுக்கே வந்துவிட்டார். பவுலினா வைத்த தேநீரைத் தொடவில்லை.

"நேனுதானே உன்னைத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போனான்?"

"ஊதினது நான்தான்."

"மூக்கு உன்னுது. யோசனை யாருது? திருவிழாவுக்கு ரெண்டு வாரம் இருக்கிறப்ப நம்ம முதல் டிரம்பெட்டோட காது போகுது. இதைத் தற்செயல்னு நம்பச் சொல்றியா? கமிட்டி முன்னாடி நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும்? தெருவே இரண்டுபடும். நீலத்துக்காரன் வீட்டுப் பெண்ணோடு நேனு கடலில் இறங்க முடியாது. பவுலினாவுக்கு ஜோடியும் இருக்காது, கடலும் இருக்காது. அவள் சமையலறையில் பாத்திரத்தை வைத்த சத்தம் என் நல்ல காதில் கேட்டது.

"காது என்னுது, மூக்கு என்னுது, முட்டாள்தனமும் என்னுது. இதுல சிவப்புக்குப் பங்கு தர முடியாது," என்றேன்.

சாவியு யோசித்தார். தலையாட்டினார். சிவப்புக்கு எதிலும் பங்கு தருவது எங்கள் கொள்கையில் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 29, திருவிழா

எங்கள் பேண்டை முதன்முறையாக வெளியே நின்று கேட்டேன். ஒரு காது அடைத்திருந்தது புனிதரின் கருணை.

என் இடத்தில் வாசித்த பையன் கடைசி சுரத்தை மெதுவாகவே விட்டான். நன்றாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 20

டாக்டர் அனுமதித்தார். இம்முறை தலைகீழாகப் பாயவில்லை. மிதவைக் கயிற்றைப் பிடித்து, கால் கீழே, தலை மேலே. தண்ணீரில் முகம் நனைவதற்கு முன்பே ஒரு முறை ஊதினேன், பிறகு ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முறை. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அவ்வளவுதான். வலது காது உடனே. இடது காது, கமிட்டி உறுப்பினரைப் போல, யோசித்துவிட்டு.

ஐந்து மீட்டர். வலி இல்லை. அங்கேயே நின்று கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 3

பயிற்சி முடிந்தது. தேர்ச்சி. "சிவப்புகிட்ட பாஸ் வாங்கின முதல் நீலம் நீங்கதான் வாத்தியாரே. வெளிய சொல்லிக்காதீங்க," என்றான் நேனு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் நேனு நாங்கள் முக்குளிக்கிற ஷ்லெந்தி கடற்கரைக்கு வரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதாம், நீங்கள் இருவரும் போய்வாருங்கள் என்று போனில் சொன்னான். நேற்று மாலைதான் பெரிய மேளத்தைத் தன்னந்தனியாகச் சுமந்துகொண்டு அவர்கள் மன்றத்துப் படிகளில் ஏறினான். பார்த்தேன்.

எட்டு மீட்டர். பவுலினா அரைமணி நேரம் பக்கத்திலேயே இருந்தாள்; இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சண்டையும் இல்லை. நடுநடுவே தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். நான் விரலை வளைத்துச் சரி என்றேன். ஆக்டோபஸ் வீட்டில் இல்லை. அவள் அதன் வாசலைக் காட்டினாள்.

திரும்பும் வழியில் நேனுவின் முதுகுக்காக ஒரு ஃப்திரா ரொட்டி வாங்கினேன், டூனா மீன் வைத்தது. நீலக் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னேன்.