பலகைத் தளத்துக்கு எண்ணெய்

1931 நவம்பர் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. வீட்டுத் தோட்டத்தில் போட்ட பலகைத் தளம் நேற்றோடு முடிந்தது. மெர்பாவ் மரம், இரும்பு மாதிரி. அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனித் துரையின் மலை பங்களாவில் இப்படி ஒன்று இருக்கிறதாம். அங்கே வேலை செய்யும் ஜாவாக்காரத் தச்சர் பாக் கர்த்தோவையே துரையிடம் கேட்டு அழைத்து வந்திருக்கிறார்.

எண்ணெய் பூசாவிட்டால் மரம் வெளுத்து வெடிக்கும் என்கிறார் தச்சர். அவருக்குத் தமிழ் தெரியாது. அண்ணி ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்தான், மலாய் தெரியாது. அண்ணன் பகலெல்லாம் ஆபீஸில். நடுவில் நான்.

15ஆம் தேதி கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். தளத்தில்தான் உட்கார வைப்பதாம். மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று. முதல் மனைவி இறந்து எட்டு மாதம். மூன்று பிள்ளைகள்.

தைப்பிங் பள்ளிக்கூடத்துக் கடிதம் என் பெட்டியில். ஆசிரியை வேலை. 20க்குள் பதில் வேண்டும். அண்ணன்: "அவங்க பார்த்துட்டுப் போகட்டும். புடிச்சிருச்சுன்னா வேலை எதுக்கு?"

தலையாட்டினேன். எதற்கும் ஆட்டுகிற தலை.

நவ. 4, புதன்

நான்கு துண்டுப் பலகை, நான்கு எண்ணெய். வேலியில் ஆணியடித்தாயிற்று, வெயிலும் மழையும் படட்டும் என்று.

1. தேங்காய் எண்ணெய். அண்ணியின் யோசனை.
2. சீனர்கள் படகுக்குப் பூசும் மர எண்ணெய். தேன் நிறம்.
3. கீல் எண்ணெய். கரி நிறம். துறைமுக வாசம். அப்பா மூட்டை தூக்கிவிட்டு வரும்போது அவர் மேல் இதே வாசம்.
4. இங்கிலாந்து டின், ஆளிவிதை எண்ணெய். பழுப்புப் பொடி கலந்தது.

டின்னில் எழுதியிருப்பதை நான் படித்துச் சொன்னேன். அண்ணி பக்கத்து வீட்டு ராஜம் அக்காவிடம்: "மெட்ராஸ் அனுப்பி பி.ஏ. படிக்க வச்சதுக்கு டின்னையாவது படிக்கிறாளே!"

நவ. 9, திங்கள்

வெயில் வந்தது. துண்டுகளைப் பார்த்தோம். 1இல் எறும்பும் பூஞ்சையும். 3 நாற்றம். 2இல் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடுகிறது. பாக் கர்த்தோ அதைத் தட்டி "பாகுஸ்", நல்லது, என்றார். எனக்கும் அதுதான்.

அண்ணி கேட்கவில்லை. "நில்லுடி" என்று துண்டுகளை ஒவ்வொன்றாக என் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். தேன் நிறம்: "ஐயோ, இதுல இவ அட்டக்கரியாத் தெரியுறா." கீல் எண்ணெய்: "இது இவளேதான்!" ராஜம் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல். கடைசியில் ஆளிவிதை. "இதையே கனமாப் பூசுனா நல்லாக் கறுக்கும். நாத்தமும் இல்ல. அதுமேல உட்கார்ந்தா கொஞ்சம் வெளுப்பாத் தெரிவா."

பலகையை எடுக்கும்வரை நான் கன்னத்தை நகர்த்தவில்லை.

நவ. 12, வியாழன்

தூறல் விட்ட நேரம் பார்த்துப் பூச்சு. பாக் கர்த்தோ மெல்லப் பூசி, துணியால் துடைத்துக்கொண்டே போனார். டின்னிலும் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணி ஜன்னலிலிருந்து: "எதுக்குத் துடைக்கிறான்? இன்னும் ரெண்டு கை கனமாப் பூசச் சொல்லு."

சொன்னேன். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கனமாகப் பூசினால் மேலே ஆடை கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், இந்த மழையில் பத்து நாளைக்கு யாரும் உட்காரக் கூடாது என்றார்.

"என்ன சொல்றான்?"

"சரிங்கிறார், அண்ணி."

அவர் என்னிடம், "நோனா, சொல்லிவிட்டீர்களா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். பூசினார்.

மத்தியானம் மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நவ. 15, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். தளம் கண்ணாடி போல. அண்ணி: "காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாரு." தொட்டேன். விரல் ஒட்டியது. மடக்கிக்கொண்டு, "காஞ்சிருச்சு, அண்ணி." பாய் விரிக்கவா என்று அண்ணன் கேட்டதற்கு, "பாயைப் போட்டா கலர் எப்படித் தெரியும்?" என்றார் அண்ணி.

மாலை 5. எல்லோரும் போய்விட்டார்கள். எழுதிவிடுகிறேன்.

ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, சந்தன நிறப் பட்டு. மாப்பிள்ளை வெள்ளை வேஷ்டி. "காலுக்குப் பிசுக்குன்னு இருக்கே?" என்றார் அம்மா. "தொர வீட்டுலயும் இப்படித்தாங்க" என்றார் அண்ணி. உட்கார்ந்தார்கள். பலகாரம், காப்பி. அரை மணி நேரம்.

"பி.ஏ.வாமே? இங்கிலீஷ்ல எதிர்த்துப் பேசமாட்டியே?" என்றார் அந்த அம்மா. சிரிப்பு. "கறுப்புன்னு சொன்னாங்க. இவ்வளவுன்னு சொல்லல."

விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தேன். நெற்றி, இரண்டு உள்ளங்கை, முழங்கால். அவசரப்படவில்லை.

எழுந்ததும் மாப்பிள்ளையின் தங்கை, "அய்யய்யோ, மூஞ்சி!" என்றாள். அவள் அம்மா பதறி எழுந்தார். பட்டு பலகையிலிருந்து உரிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பின்பக்கம் முழுக்கப் பழுப்பு. மாப்பிள்ளை வேஷ்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

வாசலிலேயே சொல்லிவிட்டார்கள், வேண்டாம் என்று. அண்ணனின் வேஷ்டியைக் கட்டிக்கொண்டு ஃபெர்ரிக்குப் போனார் மாப்பிள்ளை.

அண்ணி அடுப்படியில் அழுதார். "எல்லாம் அந்த ஜாவாக்காரனால" என்றார் அண்ணன். நான் மண்ணெண்ணெய் தொட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 16, திங்கள்

மழை. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "தைப்பிங்குக்கு எழுதிப் போடு. இனி இங்கே எவன் வருவான்?" என்றார். எழுதினேன். நானே போய்த் தபாலில் போட்டேன்.

நவ. 17, செவ்வாய்

அண்ணன் நேற்றே துரையிடம் தச்சர்மேல் குறை சொல்லிவிட்டாராம். மலை பங்களாவில் பதினோரு வருஷ வேலை, பாக் கர்த்தோவுக்குப் போயிற்று.

அண்ணன் ஆபீஸ் போனபின் வந்தார். சொங்கோக் தொப்பி கையில், தலை நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அண்ணியிடமே பேசினார். "சாயா சூடா சாக்காப்." நான் சொன்னேனே, முதலிலேயே சொன்னேனே. திரும்பத் திரும்ப அதையே. பிறகு என் பக்கம் திரும்பினார். "நோனா, நீங்கள் சொல்லுங்கள்."

"என்னடி சொல்றான்?"

"மன்னிப்புக் கேட்கிறார், அண்ணி."