குருட்டுக் கண்ணாடி

யேனா,
11 பிப்ரவரி 1961

அன்புள்ள லோதாருக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். முதலில் உன் பெட்டியில் இருக்கும் அந்தக் கறுப்புக் கண்ணாடித் துண்டை எடுத்து உடைத்துப் போடு. பிறகு மிச்சத்தைப் படி. புதன்கிழமை கிரகணத்தை அதன் வழியே பார்க்காதே. வேறு யாருக்கும் கொடுத்துத் தொலைக்காதே.

நீ பல்கேரியாவுக்குக் கிளம்பும்போது நம் மகள் ரோஸ்விதாவுக்கும் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்து, “விளக்கே தெரியல பாரு, சுத்தக் குருடு. கிரகணம் பாக்க இதைவிட நல்லது கிடையாது” என்றாயே. திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்தவள், ஒத்திகை பார்க்கிறேன் என்று ஜன்னலில் நின்றிருக்கிறாள். சூரியன் பழுத்த செர்ரிப் பழம்போல இருந்ததாம், கண் கூசவே இல்லையாம். ஆசை தீரப் பார்த்திருக்கிறாள். இப்போது எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. சூப்புக் கிண்ணத்தின் விளிம்பு தெரிகிறது, சூப்பு தெரியவில்லை. என் முகமும் அப்படித்தான்.

கண் டாக்டரிடம் துண்டைக் காட்டினேன். “இது கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தைத்தாம்மா தடுக்கும். தெரியாத அகச்சிவப்புக் கதிரை அப்படியே உள்ளே விடும். அதுக்குன்னே செஞ்ச கண்ணாடி இது. இருட்டா இருக்குன்னு நம்பி கண்மணி நல்லா விரிஞ்சுக்கும், சூடு உள்ளே போய்ப் பொசுக்கிடும். வலிக்கவும் வலிக்காது” என்றார். திட்டு மறையுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

உடனே உனக்குத் தந்தி கொடுத்தேன், “அந்தக் கண்ணாடி குருடு, ஜாக்கிரதை” என்று. நீ என்ன பதில் அடித்தாய்? “குருடேதான், நானே சோதித்தேன், கவலை வேண்டாம், முத்தங்கள்.” அதைப் படித்துவிட்டு அஞ்சலகத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உன் கண்ணாடிப் பட்டறை நண்பர் ரூப்ரெக்ட்தான் விளக்கினார். “எங்க பேச்சுல குருடுன்னா விளக்கு வெளிச்சம் தெரியாம சோதனையில தேறின கண்ணாடி. கண்ணாடி தேறினதுதானான்னு கவலைப்பட்டு நீ தந்தி அடிச்சேன்னு நெனச்சிருப்பான் அந்த மடையன்.”

அடுத்த தந்தி திரும்பி வந்துவிட்டது. கிரகணம் பார்க்க எல்லோரும் மலைக்குப் போய்விட்டீர்களாம். ரூப்ரெக்ட் இன்று சோபியாவுக்கு ரயில் ஏறுகிறார். எப்படியாவது மலைக்கே வந்து உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. வீட்டில் உள்ள தட்டை எல்லாம் போட்டு உடைக்கும் அளவுக்கு இருக்கிறது. வந்த பிறகு அதைச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். இப்போது நீ முழுக் கண்ணோடு திரும்பி வா. இவளுக்குப் பாடம் படித்துக் காட்ட நான் ஒருத்தி போதாது.

கடவுள் உன் கண்களைக் காக்கட்டும்.

உன்,
இர்ம்கார்ட்

கீழே இருப்பதை ரோஸ்விதாவே எழுதினாள். பிடிவாதம் பிடித்துப் பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், பொறுமையாகப் படி.

அப்பா, நீங்க பாக்காதீங்க. நான் பாத்துட்டேன்.