காய்ச்சல் லீவு

1966 ஆகஸ்ட் 12, வெள்ளி.

காய்ச்சல் என்று மில்லுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு மூன்று நாளாக வீட்டில் ஆய்வேடு எழுதுகிறேன். மாலைக் கல்லூரியில் வணிக நிர்வாகப் பட்டத்துக்குப் பரீட்சையெல்லாம் முடித்தாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. பொய்க் காரணம் சொல்லி லீவு போடும் தொழிலாளர்களைப் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறேன்.

சாயங்காலம் நூற்புப் பிரிவுப் பழனியப்பன் நொச்சித் தழையோடு வந்து நின்றார். போன மாதம் அவர் காய்ச்சல் என்றபோது நம்பாமல், டாக்டர் சீட்டு வாங்கிவரச் சொல்லி மில் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பிய சூப்பர்வைசர் நான்.

"ஏனுங்க சார், காச்சலோட எழுதீட்டு இருக்கறீங்க. ஆவி புடிச்சுப்போட்டுப் படுங்க" என்றார். தழையை வாங்கிக்கொண்ட என் மனைவி என்னைப் பார்க்காமலே தண்ணீர் சுட வைத்தாள்.

"உங்களையெல்லாம் டாக்டர் சீட்டு கேக்க மாட்டாங்கதானுங்களே?" என்றார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். குத்தலாகக் கேட்கவில்லை.

"கேக்க மாட்டாங்க" என்றேன்.

"நல்லதுங்க. காச்சலோட சீட்டுக்காக அத்தன தூரம் நடக்கறது செரமமுங்க."

தழை போட்ட வெந்நீர் வந்ததும் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் வாரேனுங்க என்று சொல்லிப் போன பிறகும், தண்ணீர் ஆறிய பிறகும் தலையை வெளியே எடுக்கவில்லை.