துணியை மடித்துவிட்டுச் சொன்னேன்

இன்று காலை சீட்டுகளைக் கட்டி வைத்திருந்த அந்தத் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். முதலில் வந்தது உன் தைல வாசனைதான். தையல் மிஷினில் குனிந்து குனிந்து வரும் தலைவலிக்கு நெற்றியில் தேய்த்துக்கொள்வாய். தேய்த்த விரலோடு, நான் குறி பார்க்கும் டாரட் சீட்டுகளைக் கலைப்பாய். "கையைக் கழுவிட்டு வாடி" என்று நான் கத்துவேன், நீ சிரிப்பாய். சீட்டுகளின் ஓரமெல்லாம் அந்த எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. நீ போய் இத்தனை மாதமாகியும் அது போகவில்லை.

நான்தான் இந்த மூட்டையைத் திறக்கவில்லை. அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். சீட்டுப் பார்க்க வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால் காய்ச்சல் என்பேன், ஆபீசில் வேலை என்பேன். பொய் சொல்லத் தெம்பில்லாத நாளில் போனையே எடுக்க மாட்டேன். அடுத்தவர் கவலையைக் கேட்க உள்ளே கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை. டுரியான் துங்கால் ஆபீசிலிருந்து ஜாசினுக்குக் காரோட்டி வந்து, காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து விடுகிறேன். விளக்குப் போடக்கூட எழுந்திருக்கத் தோன்றுவதில்லை.

ஆனால் நேற்றுக் கூப்பிட்டவர் உன் வீட்டுக்காரர். "தங்கச்சி, ஒரு தடவ சீட்டுப் போட்டுப் பாக்கணும். காலையில வரவா?" என்றார். அவரிடம் காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை.

உனக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். நம் இரண்டு பேரையும் கிண்டலடித்தே பொழுதைக் கழித்தவர் அவர். சுங்கை ஊடாங் ஆலையில் ஷிப்ட் முடிந்து உன்னை அழைத்துப் போக உன் தையல் கடைக்கு வருவார். வாசலில் நின்றே, "என்னா, இன்னிக்கு யாருக்கு ராஜயோகம்? எனக்கு ஒரு புரோமோஷன் எடுத்துக் குடேன்" என்பார். அவர் தலை தெரிந்தாலே நான் சீட்டுகளை அள்ளி மூடிவிடுவேன். எனக்கு அவ்வளவு கூச்சம்.

முதலில் உன் முன்னாலும் எனக்குக் கூச்சம்தான். இன்டர்நெட்டில் வாங்கிய அந்தச் சீட்டுக்கட்டோடு வந்த சின்ன ஆங்கிலப் புத்தகத்தை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலம். எழுபத்தெட்டுப் படங்கள், நேராக விழுந்தால் ஓர் அர்த்தம், தலைகீழாக விழுந்தால் வேறொன்று. "காலேஜ் படிச்சவ புத்தி போகுதா பாரு. இதுக்கும் பரீட்சை வைக்கிறாங்களா?" என்றாய். பிறகு நீயே நூல் சிதறிய வெட்டு மேசையைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாய்.

"என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் போவாரா, வீட்ல இருப்பாரா? சீக்கிரம் சொல்லு, மீன் வாங்கணும்."

நான் மூன்று படங்களைத் திருப்பினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் படம் உன்னோட ஆழ்மனசுல…" என்று ஆரம்பித்தேன்.

"என் ஆழ்மனசு கெடக்கட்டும்லா. மீன் வாங்கவா, வேணாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று உட்கார்ந்துகொண்டே இருந்தாய். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னதையெல்லாம் பாக்குப் போடுகிறவள்போல வாயை அசைத்துக்கொண்டு கேட்டாய். ரவிக்கைக்கு உள்துணியாக வெட்டி மிஞ்சிய நீலத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, சீட்டு விரிக்க இந்தத் துணியைத் தைத்துக் கொடுத்தாய். உன் கடைக்கு வருகிறவர்களிடம் நீயே போய்ச் சொன்னாய்: "நம்ம ஆளு ஒருத்தி படம் பாத்துச் சொல்லுவா. வந்து பாருங்க."

வந்தார்கள். வந்தவர்கள் பேசவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். புத்தகத்தில், வருகிறவரிடம் கேள்வி என்ன என்று கேள் என்று போட்டிருந்தது. நம் ஆட்களிடம் அது நடக்குமா? எஸ்டேட் கோயிலில் அருள் வந்த பூசாரி, வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று அவரே சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். என் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்ட முதல் நாளே ஓர் அம்மா எழுந்துவிட்டார். "நானே சொல்லிட்டா அப்புறம் நீ எதுக்கும்மா?"

அந்தப் பேச்சு பல நாள் காதில் நின்றது. அடுத்தவர் வந்தால் உள்ளங்கை வியர்த்தது. சீட்டுகள் கையில் ஒட்டிக்கொண்டன.

நீ இருந்து பார்த்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா வந்து அதேபோல வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். படகில் ஏறிப் போகிறவர்களின் படம் விழுந்தது. யாரோ பிரிந்து போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மிஷினை மறைத்த திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல், போனில் பேசுகிற மாதிரி: "ஆமாக்கா, பிள்ளைங்க சிங்கப்பூரு போனா அவ்ளோதான். நம்ம பச்சைப்புடவைக்காரம்மா மகன்கூட… போன் பண்றதே இல்லையாம்லா."

என் வாயிலிருந்து சிங்கப்பூர் என்று வந்துவிட்டது. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "எப்படிம்மா? எப்படிம்மா உனக்குத் தெரியும்?"

அவர் போன பிறகுதான் பார்த்தேன், உன் போன் என் பக்கத்தில், வெட்டு மேசை மேல் சார்ஜில் கிடந்தது.

அன்றைக்குப் போல் நாம் சண்டை போட்டதே இல்லை.

"அளவெடுக்கும்போது உன்கிட்ட சொன்னத, சீட்டு சொன்ன மாதிரி நான் சொல்லிட்டேன்டி. இனிமே இப்படிச் செஞ்சா சீட்டுக்கட்டையே எடுத்து வச்சிருவேன்."

"அந்தம்மா நிம்மதியா போனாங்களா இல்லையா?"

"போனாங்க. ஆனா ஏமாந்து போனாங்க."

"பெரிய ஜட்ஜம்மா" என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போனாய். மறு வாரம் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் திரைக்குப் பின்னால் மிஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. அவள் எழுந்து போகும்வரை நிற்கவில்லை. பிறகு திரையை விலக்கித் தலையை நீட்டினாய். "இப்ப திருப்தியா? நீங்க பேசறது எனக்குக் கேக்கல, நான் பேசறது உனக்குக் கேக்காது. வெறும் துணியிலயே தைச்சுத் தள்ளிட்டேன், நூலுக்குக் கணக்கு உன்கிட்டதான் கேப்பேன்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. யார் வந்தாலும் நீ மிஷினை ஓட்டினாய். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன். வருகிறவர் பேசாவிட்டால் நானும் அவசரப்படுவதில்லை. "எனக்குத் தெரியலம்மா. இந்தப் படத்தப் பாருங்க. உங்களுக்கு என்னா தெரியுது?" என்று முதன்முதலில் கேட்டபோது குரல் நடுங்கியது. எதிரே இருந்த தொழிற்சாலைப் பெண், கண்ணைக் கட்டி வாள்களுக்கு நடுவே நிற்கிறவளின் படத்தை வெகு நேரம் பார்த்தாள். "டபுள் ஷிப்ட்ல நிக்கிற மாதிரி இருக்குக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசினாள், நான் கேட்டேன். மனப்பாடம் செய்த அர்த்தங்கள் எப்போது என்னைவிட்டுப் போயின என்று தெரியவில்லை. ஒரு நாள் புத்தகத்தைத் தேடினேன், நீ அதை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாய்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்கப் போனவர் உன் வீட்டுக்காரர். வயிற்றில் புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்று வந்து சொன்னார். நீ நம்பினாய். தீபாவளிக்கு வந்த துணிகளையெல்லாம் தைத்து முடித்தாய். பண்டிகை கழிந்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தேன். மிஷின் ஓடவில்லை. மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தாய்.

"சீட்டு வேணாம். துணிய மட்டும் விரி" என்றாய்.

விரித்தேன். வெறும் துணியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொன்னாய்.

"புண்ணும் இல்ல ஒன்னும் இல்ல. கல்யாணம் ஆனதிலேர்ந்து தட்டுக் கழுவாத மனுசன் தட்டுக் கழுவுறாரு. அப்பவே சந்தேகம். போன வாரம் அவரு காடிய பார்க் பண்ணப் போனப்ப டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். தேறாதாம்."

நீயே மேலே பேசினாய்.

"கோவம் கோவமா வருதுடி. என் உடம்பு. தெரிஞ்சிருந்தா இந்தத் தீபாவளிக்கு ஒரு துணி தைக்க வாங்கியிருப்பேனா? படுத்திருப்பேன். மத்தியானமெல்லாம் தூங்கியிருப்பேன். ஊரு பிளவுசு எல்லாம் தைச்சேன்லா, முட்டாளு மாதிரி."

கொஞ்ச நேரம் துணியில் இருந்த தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாய்.

"குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவுறாரு. எனக்குக் கேக்காதாம். நடிக்கிறத நிறுத்துனா அந்த மனுசன் விழுந்துருவாரு. நடிக்கட்டும். அவர்கிட்ட சொல்லாத. இந்தத் துணி மேல பேசுனது…"

"துணியோட" என்றேன்.

வருகிறவர்களுக்கெல்லாம் நான் கொடுக்கும் வாக்கு அது. உனக்கும் கொடுத்தேன். கடைசிவரை அவர் புண் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நீ தலையாட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருக்கிறார். சட்டையில் மேல் பட்டன் இல்லை. உன் கடையில் எத்தனை டப்பா பட்டன் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். துணியை விரித்ததும் அவருக்கும் அந்த வாசனை போயிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் ஒன்னும் சொல்லல. நீயே பாத்து சொல்லு."

மிஷின் சத்தம் இல்லாத அறையில் அந்த வார்த்தை எப்படி விழுந்தது தெரியுமா? அந்தப் பழைய அம்மாக்களைப் போலவே அவரும் உட்கார்ந்திருந்தார். ஒரு வித்தியாசம், அவர் கேள்வி எனக்குத் தெரியும். பதிலும் தெரியும்.

கலைத்து மூன்று படங்களைத் திருப்பினேன். கவிழ்ந்த கோப்பைகளைப் பார்த்துத் தலை குனிந்து நிற்கும் கறுப்பு அங்கிக்காரன். நிலாவைப் பார்த்துக் குரைக்கும் நாய்கள். குழந்தை ஏறி வரும் வெள்ளைக் குதிரை. இதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். அவள் உங்கள்மேல் கோபமாகப் போகவில்லை, இதோ பாருங்கள் வெள்ளைக் குதிரை, நிம்மதியாகப் போய்விட்டாள் என்று சொன்னால் போதும். இத்தனை வருடத்தில் குரல் பழகியிருக்கிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியும். அவர் அழுதுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். எனக்கும் சீக்கிரம் முடியும். நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. வாயைத் திறந்தும் விட்டேன்.

"அவ என்மேல…" என்றார் அவர்.

நான் சீட்டுகளை அள்ளினேன். துணியை நான்காக மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

"அண்ணே, இனிமே நான் சொல்றது சீட்டு சொன்னது இல்ல. அவ என்கிட்ட சொன்னது. அவளுக்கு எல்லாம் தெரியும். டாக்டர்கிட்ட அவளே கேட்டுட்டா."

"எப்ப?"

"தீபாவளி முடிஞ்சப்ப."

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கோவப்பட்டாளா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது.

"பட்டாண்ணே. ரொம்ப. தெரிஞ்சிருந்தா அந்தத் துணியெல்லாம் தைக்க வாங்கியிருக்க மாட்டேன், தூங்கியிருப்பேன்னா. ஆனா நீங்க நடிக்கிறத நிறுத்துனா விழுந்துருவீங்கன்னும் சொன்னா. அதுக்காகத்தான் உங்ககிட்ட காட்டிக்கல. நீங்க குளியலறையில தண்ணியத் தொறந்துவிட்டு அழுததும் அவளுக்குக் கேட்டுச்சு."

நான் தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு அவர் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"அதான் கதவத் தட்டித் தட்டித் திட்டுனாளா? 'உள்ள என்னா யானையக் குளிப்பாட்டுறீங்களா, தண்ணி பில்லு எவன் கட்டுவான்'னு…"

சொல்லிக்கொண்டே அழுதார். தண்ணீரைத் திறந்துவிட இங்கே குழாய் இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "சீட்டு என்னா சொல்லிச்சு?"

"சீட்டு ஒன்னும் சொல்லலண்ணே."

"அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். துணியை மடித்துவிட்டுத்தானே சொன்னேன் என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். "நல்ல ஜட்ஜம்மா வந்தா" என்று நீ உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. அவர் விழுந்துவிடக் கூடாது என்றுதான் நீ அன்று என் வாயைக் கட்டினாய். நீ போன பிறகு அவர் விழுந்துதான் கிடந்தார், நான் பார்த்தேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

களைப்பு போய்விடவில்லை. சாயங்காலம் மறுபடியும் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் துணியை அலமாரியின் பின்னால் தள்ளவில்லை. மேசை மேலேயே கிடக்கிறது, அறையெல்லாம் உன் தைலம்.

அடுத்த ஞாயிறு மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள், வரச் சொல்லிவிட்டேன். அவளும் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல்தான் உட்காருவாள். நான் முதல் படத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, எனக்குத் தெரியலம்மா என்பேன். அதைச் சொல்லும்போது இப்போதெல்லாம் குரல் நடுங்குவதில்லை. எனக்குப் பின்னால் உன் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.