அண்ணத்தில் கிடந்த பல்

மார்ச் 4
இன்றும் மாடிப்படியில் பெரிய டாக்டர். "என்னம்மா, குழந்தைங்க தலையில இன்னும் கதிர் அடிச்சிட்டுத்தான் இருக்கியா?" கூட வந்த மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். இந்தப் பல் மருத்துவமனையின் மேல்மாடி அறுவைப் பிரிவிலிருந்து என்னைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளியதும் இதே பேச்சுதான். குறைந்த கதிரில் எடுக்கும் எக்ஸ்ரே படம் என்று எத்தனை முறை சொல்வது?
இருக்கட்டும். என் கையில் சிக்காமலா போவார்.

மார்ச் 11
சிக்கிவிட்டார்!
எட்டு வயதுப் பெண், சரியான வாயாடி. முன்பல் முளைக்கவில்லை. உள்ளே ஓர் உபரிப் பல் வழிமறித்துக் கிடக்கிறது. போன வருடம் பெரிய டாக்டர் ஈறைத் திறந்து தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று தைத்து அனுப்பியிருக்கிறார்.
குறைந்த கதிரில் படம் எடுத்தேன். பல் மேல்வாய்க்குள், அண்ணத்துப் பக்கம், தலைகீழாக. அவர் குடைந்ததோ உதட்டுப் பக்கம். பக்கத்துப் பல்லின் வேரில் ஒரு பள்ளம் மாதிரி... அவர் துளைத்ததா? கதிர் குறைவு என்பதால் படம் புள்ளிபுள்ளியாக இருக்கிறது. அறுவைக்கு இது தாராளம். அவரை மாட்டிவிடத்தான் போதாது.

மார்ச் 12
ஏதோ பரிசோதனை என்று பொய் சொல்லி அவளை மறுபடி வரவழைத்தேன். நாற்காலியில் உட்காரவைத்துக் கதிரின் அளவைக் கூட்டினேன். முழு வீச்சில் எடுத்தால் பள்ளம் பளிச்சென்று தெரியும்.
"டாக்டர் ஆன்ட்டி, நேத்து படம் நல்லா வரலையா? நான் ஆடவே இல்லியே!"
நன்றாகத்தான் வந்தது, கண்ணு.
இயந்திரத்தை அணைத்துவிட்டேன். யார்மேல் உள்ள கோபத்துக்கு யார் தலையில் கதிர்? அவர் சொன்ன பொய்யை நானே மெய்யாக்கப் பார்த்தேனே — சீ.

மார்ச் 20
கீழ்த்தளத்திலேயே நானே பல்லை எடுத்துவிட்டேன். படம் காட்டிய இடத்திலேயே இருந்தது. "இத்துனூண்டுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றாள் வாயாடி. அவள் அம்மா பெரிய டாக்டர்மேல் புகார் எழுதப்போகிறாராம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 15
விசாரணை. போன வருடம் படம் பார்த்து அளந்துதான் திறந்தேன் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் படத்தைப் பார்த்து, "கொசு மொய்ச்ச மாதிரி இருக்கு" என்றார்.
குழுத் தலைவி என்னிடம், "இதவிடத் தெளிவா எடுக்க முடியாதா?"
"முடியும்மா. எடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தேவையில்ல."
பெரிய டாக்டர் முகத்தில் ஏளனச் சிரிப்பு. சரி, ஆளைத் தெரியாதா எனக்கு? பணிவாகச் சொன்னேன்: "சாரோட கைராசி எனக்கு ஏது? நான் சாதாரண ஆளு, படம் பாத்தாத்தான் திறப்பேன்."
கவ்விக்கொண்டார். "அப்படிச் சொல்லு! இத்தன வருஷத்துல எந்தக் குழந்தைக்கு நான் படம் பாத்தேன்? இந்த விரல் போதும் எனக்கு!"
தலைவி நிமிர்ந்தார். "அப்ப, அளந்து பாத்தேன்னு எழுதிக் குடுத்தீங்களே?"
தவளை தன் வாயால் கெடும்.

மே 2
இனிக் குழந்தைகள்மேல் அவர் கத்தி வைக்கக்கூடாது. உத்தரவு வந்துவிட்டது.

மே 6
மேல்மாடியில் குழந்தைகள் அறுவை அறை வாசலில் இருந்த அவர் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பார்க்கத்தான் போனேன். ஒரு திருகாணி துருப்பிடித்து வர மறுத்தது. வரும்வரை நின்றேன்.