வேற பால்ராஜ்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
3.2.2025

அன்புள்ள ஜெபா அக்காவுக்கு,

கார்த்திகேசன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் போன் பண்ணினேனே, "வாயால சொன்னது எதுவும் எனக்கு நிலைச்சதில்ல, எழுதி அனுப்புங்க" என்று வைத்துவிட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வெல்டர். கனடாவுக்கு விண்ணப்பம் போடுகிறேன். என் மனைவி மைதிலியின் அண்ணன் அங்கே இருக்கிறார். வேலை செய்த வருஷங்களைக் காகிதத்தில் காட்டினால்தான் எடுப்பார்களாம். நம் பக்கத்துப் பட்டறைகளில் யார் காகிதம் கொடுத்தார்கள்? பாதி ஷெட்டு இன்றைக்குக் கல்யாண மண்டபமாகிவிட்டது. நாயாய் அலைந்து மற்றதையெல்லாம் தேற்றிவிட்டேன். பதினாலு மாதம்தான் இடிக்கிறது. 2016 ஆகஸ்டு முதல் மறு வருஷம் செப்டம்பர் வரை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காண்ட்ராக்டர் அழகேசனிடம் வேலை செய்தேன். வருகைப் பதிவேட்டில் இருப்பது என் பேர் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் பால்ராஜ் அண்ணன் பேர்.

அண்ணன் தவறிய பிறகுதான் நான் அங்கே சேர்ந்தேன். புதுப் பேர் சேர்த்தால் ஆபீசில் கேள்வி வரும் என்று அண்ணனுடைய கேட் பாஸையே அழகேசன் என் கழுத்தில் மாட்டிவிட்டார். அந்த மாதங்களில் வேலை செய்தது அவர் இல்லை, இவன்தான் என்று பேருக்கு உரியவர் குடும்பத்திலிருந்து ஒரு அஃபிடவிட் வந்தால் வைத்துப் பார்க்கலாம் என்று வானகரத்தில் விசா ஆபீசில் சொல்கிறார்கள். இந்தப் பதினாலு மாதம் சேர்ந்தால்தான் எனக்கு வருஷக் கணக்கு நிறையும். ஒரு கையெழுத்துதான் அக்கா. நேரில் வரட்டுமா?

இப்படிக்கு,
உங்கள் தம்பி மாதிரி,
கார்த்திகேசன்


ஆவடி
11.2.2025

தம்பி கார்த்திகேசனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். ரோஷினி பத்தாவது படிக்கிறாள். கணக்கில் அவள் அப்பா, கோபத்தில் நான்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். 2016 ஜூலை 19 அன்று வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எஸ்டேட் ரோட்டில் டீக்கடை முன்னால் விழுந்து கிடந்தார் என்றார்கள். வேலை செய்கிற இடத்தில்தான் இறந்தார் என்று நான் கேஸ் போட்டேன். அழகேசன் வந்து என்ன சொன்னார் தெரியுமா? "எங்க லிஸ்ட்ல இருக்கிற பால்ராஜ் வேற ஆளு. அவரு அடுத்த செப்டம்பர் வரைக்கும் வந்து வேலை செஞ்சாரு. இந்தம்மா புருஷன் யாருன்னே எனக்குத் தெரியாது." பதிவேட்டையும் காட்டினார். ஆறு வருஷம் அங்கே உழைத்த மனுஷன் ஒரே வாய்தாவில் யாரோ ஆகிவிட்டார். அன்றிலிருந்து அந்த வேற பால்ராஜைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களாகவே போன் பண்ணியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் வாசலில் ஒரு ஸ்வீட் பெட்டி இருந்தது. மேலே கம்பெனிச் சீட்டு. அதில் பால்ராஜ் என்று பேரும் தேதியும். அப்பா அனுப்பியிருக்கிறார் என்று ரோஷினி குதித்தாள். ஆறு வயசு. அவரைப் புதைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை தம்பி. அன்றைக்கு முழுக்க நான் கதவைத் திறக்கவில்லை. அந்தச் சீட்டு இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. வைத்தது நீங்கள்தானே? கதவைத் தட்டியிருந்தால் ஒரு சொம்பு தண்ணீராவது கொடுத்து உட்கார வைத்திருப்பேன்.

கையெழுத்துப் போடுகிறேன். கேஸ் இன்னும் முடியவில்லை, நீங்களும் வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் எழுதுங்கள். அவர் எங்கே விழுந்தார்?

ஜெபா


கள்ளிக்குப்பம்
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். பெட்டியை வைத்தது நான்தான். அண்ணன் பேரில் கொடுத்ததை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட மனசு வரவில்லை.

அண்ணனுடைய ஹெல்மெட்டும் எனக்குத்தான் வந்தது. உள்பக்கம் பெயிண்டில் அவர் பேர் எழுதியிருந்தது, அவர் தேய்க்கிற எண்ணெய் வாசனையும் போகவே இல்லை. பதினாலு மாதம் பால்ராஜ் என்று கூப்பிட்டால் திரும்பினேன். இப்போதும் பஸ்ஸில் யாராவது அந்தப் பேரைக் கூப்பிட்டால் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. யாரைப் பார்க்கிறாய் என்று மைதிலி கேட்பாள்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது.

விசா ஆபீசிலிருந்து விசாரித்ததில் அழகேசனுக்கு விஷயம் போய்விட்டது. என் சொந்தப் பேரிலேயே லெட்டர்பேடில் கடிதம் தருகிறேன் என்கிறார். "செத்தவன் பேரை ஏன் நைனா தோண்டிகினு கீற, ஒயுங்கா கனடா போய்ச் சேரு" என்றார். உங்களைப் பார்க்கக் கூடாது, கேஸ் பக்கம் வரக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் நீங்கள் அஃபிடவிட் தர வேண்டாம். எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது அக்கா. அங்கே போய்க் காலூன்றியதும் ரோஷினி படிப்புக்கு என்னால் ஆனதைச் செய்வேன்.

கார்த்திகேசன்


ஆவடி
9.3.2025

தம்பி,

ரோஷினி படிப்பைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உன் இரண்டு கடிதங்களையும் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை அப்படியே கோர்ட்டில் வைக்கலாம் என்றார் என் வக்கீல் ஹேமாவதி அம்மா. இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்த காகிதம் இதுதான். ஆனாலும் ஜெராக்ஸ்கூட எடுக்கவில்லை. ஒருத்தர் பேரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று எனக்குத் தெரியும். உன் பேரை நான் அப்படி எடுக்க மாட்டேன்.

தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு முன்னால் ஒரு வார்த்தையை அடித்திருக்கிறாய். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். 'நாங்கள்' என்று இருந்தது.

ஜெபா


கள்ளிக்குப்பம்
20.3.2025

அக்கா,

முதல் கடிதத்தில் பொய் எழுதினேன். அண்ணன் தவறுவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே நான் அங்கே இருந்தேன். லிஸ்டில் பேர் இல்லாத ஆள்.

அன்று மத்தியானம் மூன்று மணி. அண்ணன் ஷெட்டுக்குள்தான் விழுந்தார். எனக்கு அடுத்த மேடையில், வெல்டிங் பண்ணிக்கொண்டிருக்கும்போதே. மூச்சு இருந்தது. என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றார். பாட்டில் என் கையில்தான் இருந்தது அக்கா. அழகேசன் ஓடி வந்தார். "இன்னாடா பாத்துகினு கீறீங்க, மொதல்ல வெளிய தூக்குங்கடா, தண்ணி அங்க குடுத்துக்கலாம்."

நாலு பேர் தூக்கினோம். கால் பக்கம் நான். டீக்கடை முன்னால் இறக்கி வாயில் ஊற்றினேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

அடுத்த மாதம் அவர் பாஸ் என் கழுத்துக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்கும் ஒரு பேர் கிடைத்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

அழகேசன் கொடுத்த கடிதத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களிடம் கையெழுத்துக் கேட்கவும் இனி எனக்கு முகமில்லை. வருஷம் போதாது என்று வானகரத்தில் என் பைலை மூடிவிட்டார்கள். மைதிலி அவள் அண்ணனுக்குப் போன் போட்டு அழுதாள். நடந்ததையெல்லாம் எழுதி நோட்டரி முன்னால் என் பேரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்திரம் இதோடு இருக்கிறது. நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதங்களும் இருக்கின்றன. நானே தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்கு எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்து உங்களிடமும் பாப்பாவிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். வரலாமா?

கார்த்திகேசன்


ஆவடி
27.3.2025

கார்த்திகேசனுக்கு,

எல்லாம் கிடைத்தது. வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 16 வாய்தா. காலை பத்து மணிக்கு வந்துவிடு. உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

நீ சொல்லாமலே விமானம் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அதற்கு நன்றி. மைதிலிக்காகவும் உன் பிள்ளைக்காகவும் ஜெபிக்கிறேன்.

வீட்டுக்கு மட்டும் வராதே. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். உனக்கு என்னால் கொடுக்க முடியாது.

ஜெபா