எட்டாவது வெடி

திருச்சுழி
14.5.1987

பிரியமுள்ள மச்சானுக்கு அழகுத்தாய் எழுதிக்கொண்டது. நானும் பிள்ளை சத்யபிரியாவும் சுகம். உங்கள் சுகத்தை வழக்கம்போல ஒரு வரியில் விசாரித்துவிட்டுப் போக இன்றைக்கு மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், இப்போதே ஆரம்பித்தால் சண்டையாகிவிடும்.

மழை இன்னும் இல்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. சத்யபிரியா ஒன்றுக்கு உங்கள் பெயரை வைத்துக் கூப்பிடுகிறாள். அதட்டினாலும் கேட்பதில்லை.

உங்கள் தம்பி மாரிச்சாமி, உக்கிரபாண்டி மாமா தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்துகிறான். நீங்கள் கல்குவாரிக்குப் போனபிறகு அவன் தனியாக வெடி போடும் முதல் கிணறு. வெடி வேலையைப் பற்றி முன்பு அவனுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினீர்களே, அதைப் பள்ளிக்கூடத்துப் பாடம்போல ஒப்பிக்கிறான். எத்தனை திரி பற்றவைத்தாயோ அத்தனை வெடியையும் எண்ணிவிட்டு இறங்கு என்று அதில் இருக்கிறது. எப்படி எண்ணுவது என்று இல்லை. உங்களைக் குறை சொல்லி என்ன, எனக்கும் அதை எழுத வராது.

சனிக்கிழமை காலையில் எட்டுக் குழிக்குத் திரி பற்றவைத்துவிட்டு மேலே ஏறிவந்தான். கஞ்சி கொண்டுபோன நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வேம்படியில் குத்தவைத்தேன். ஏழுதான் வெடித்தது. மாரிச்சாமி எட்டு என்றான். கடைசி இரண்டும் சேர்ந்து வெடித்துவிட்டதாம். உக்கிரபாண்டி மாமாவும் எட்டுதான் என்றார், அவருக்கு ஊற்றுக்கண்ணைப் பார்க்கிற அவசரம். புகை அடங்கியதும் இவன் கயிற்றைப் பிடித்துவிட்டான்.

ஏழுதான், இறங்காதே என்றேன். சிரித்தான். "அண்ணன் எண்ணும்போது நீங்க சும்மா உக்காந்துதானே இருந்தீக மதினி" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆம்பளைகள் நாலுபேர் சத்தம் போட்டார்கள். ஒருவேளை எட்டுதானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் எழவில்லை. இரண்டு சேர்ந்து வெடித்தால் தரை வேறுமாதிரி அதிரும், அது என் பாதத்துக்குத் தெரியும்.

உச்சிவெயில் வந்ததும் மாரிச்சாமி பெண்டாட்டி தங்கச்செல்வி வீட்டுக்கு ஓடி முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்தாள். மேலே நின்றபடியே அதை வைத்து வெயிலைக் கிணற்றுக்குள் அடித்துப் பார்த்தோம். வடக்கு மூலையில் பாறை உடையாமல் நின்றது. குழியிலிருந்து பாதி கருகிய திரி நீட்டிக்கொண்டிருந்தது.

மாரிச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். என் கையைப் பிடித்த தங்கச்செல்வி வீடு வந்து சேரும்வரை விடவில்லை. கிணற்றில் இப்போது யாரும் இறங்குவதில்லை. பந்தல்குடியிலிருந்து வெடி லைசென்ஸ் உள்ளவர் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

சாயங்காலம் மாரிச்சாமி வந்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டான். இனி எந்தக் கிணற்றில் வெடி போட்டாலும் செருப்பில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார், நானும் எண்ணுகிறேன், நீயும் எண்ணு என்று மட்டும் சொன்னேன். எனக்கும் அப்படித்தானே வந்தது. உங்கள் காது இரண்டும் மந்தமான பிறகு, இரண்டு வருஷமாக நான் மடியில் விரலை விரித்துக் காட்ட, நீங்கள் கணக்கை உரக்கச் சொன்னீர்கள். அதை அவனிடம் சொல்லவில்லை. ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

கல் சுமக்கிற வேலை என்றுதானே என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள்? இப்போது வெடி போட எடுத்துக்கொண்டார்கள், காது விஷயத்தை மேஸ்திரியிடம் மூச்சுவிடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே உங்களுக்கு விரல் காட்ட யார் இருக்கிறார்கள்?

மேஸ்திரியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வெட்கமாக இருந்தால், பெண்டாட்டி சொல்லச் சொன்னாள் என்று சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளையைத் தங்கச்செல்வியிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். நான் வந்து சேரும்வரை நம் குலசாமி செருப்பில்லாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அழகுத்தாய்